குழந்தைச் சட்டை: துணிக்கு முன் காலரை முடிவு செய்யுங்கள்

குழந்தைக்குக் காலர் வைத்த சட்டை தைக்கலாம் என்று நினைத்ததும் கை முதலில் துணியைத்தான் தேடும். ஏதோ ஒரு பூப்போட்ட காட்டன் கண்ணில் பட்டிருக்கும். அதை வாங்கி வைத்துவிட்டு, அப்புறம் அதற்கேற்ற பேட்டர்னை, அதாவது துணியை வெட்ட உதவும் அளவுத் தாளை, தேடுவோம். நானும் பல சட்டைகள் அப்படித்தான் தைத்தேன். இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் காலர், பிறகு பேட்டர்ன், கடைசியில்தான் துணி. எத்தனை துண்டுகள் வெட்ட வேண்டும், காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் கேன்வாஸ் தேவையா, கழுத்துப் பட்டன் வருமா, எவ்வளவு மெல்லிய துணி தாங்கும் என்று மற்ற எல்லா முடிவுகளும் காலரைப் பொறுத்தே அமைகின்றன. குழந்தை அந்தச் சட்டையை விரும்பிப் போட்டுக்கொள்ளுமா என்பதும் பெரும்பாலும் கழுத்தைப் பொறுத்ததுதான்.

மூன்று காலர்கள்

காலர் வகைகள் எத்தனையோ இருந்தாலும் குழந்தைச் சட்டைக்கு நான் எடைபோட்டுப் பார்ப்பவை மூன்றுதான். ஸ்டாண்ட் (கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டி) வைத்த முழுக் காலர், ஸ்டாண்ட் இல்லாமல் கழுத்து வளைவிலேயே நேராகப் பொருத்தும் ஓபன் காலர், ஸ்டாண்ட் மட்டும் நிற்கும் சைனீஸ் காலர். தோளின் மேல் வட்டமாகப் படுத்திருக்கும் பீட்டர் பேன் காலரும் இருக்கிறது. கைக்குழந்தை உடைக்கும் ஃபிராக்குக்கும் அது நன்றாக இருக்கும். சட்டை என்ற தோற்றத்தை அது தராததால் இங்கே அதை எடுக்கவில்லை.

ஸ்டாண்ட் வைத்த காலரில் நான்கு துண்டுகள் உண்டு. காலருக்கு மேலொன்று கீழொன்று, ஸ்டாண்டுக்கு உள்ளொன்று வெளியொன்று. கழுத்துக்கும் காலருக்கும் நடுவே அந்த ஸ்டாண்ட் நின்று காலரைத் தூக்கிப் பிடிப்பதால்தான் கடைச் சட்டையின் மிடுக்கு வருகிறது. பத்து முறை துவைத்தாலும் காலர் சரிந்து விழாது, ஸ்வெட்டருக்கு வெளியேயும் ஒழுங்காக நிற்கும்.

ஆனால் குழந்தையின் கழுத்து குட்டையானது. தலை பெரிது, தாடை தாழ்வு. பெரியவர்கள் சட்டையில் ஸ்டாண்டின் உயரம் பின்கழுத்தில் சுமார் 3 செ.மீ. இருக்கும். சின்னக் குழந்தைக்கு 2 செ.மீ.க்குச் சற்று மேலே போனாலே தாடையில் இடிக்கத் தொடங்கிவிடும். என் மகனுக்கு நான்கு வயதில் நான் தைத்த முதல் காலர் சட்டை இந்த வகைதான். காலர் முனைகள் இரண்டும் ஒரே மாதிரி வந்திருந்தன, ஸ்டாண்டின் வளைவு, பட்டன் வரும் முன்பட்டியோடு அழகாகச் சேர்ந்திருந்தது. அவன் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் கழுத்தை இழுத்து இழுத்து விட்டான். பிறகு மேல் பட்டனைக் கழற்றச் சொன்னான், பிறகு சட்டையையே. தையலில் குறை எதுவும் இல்லை, அந்த வயதுக் கழுத்துக்கு அந்தக் காலர் பொருந்தவில்லை, அவ்வளவுதான். அதன்பின் எந்தப் பேட்டர்னை எடுத்தாலும் ஸ்டாண்ட் துண்டின் நடு உயரத்தை அளந்து, தையலுக்கு வெளியே விடும் துணியான தையல் ஓரத்தைக் கழித்துப் பார்க்காமல் துணியை வெட்டுவதில்லை.

தைக்கிறவர் பக்கமிருந்து பார்த்தாலும் இது மூன்றிலும் கடினமானது. ஸ்டாண்டின் முனை முன்பட்டியின் விளிம்போடு சேரும் இடத்தில்தான் எல்லாக் கஷ்டமும் குவிந்திருக்கிறது. ஸ்டாண்ட் ஒரு மி.மீ. வெளியே நீண்டாலோ உள்ளே போனாலோ அது படிக்கட்டு மாதிரி தெரியும். பெரியவர் சட்டையில் கண்ணுக்குத் தப்பிவிடும் அந்த ஒரு மி.மீ. சின்னச் சட்டையில் தப்பாது. “குட்டிச் சட்டைதானே, சீக்கிரம் முடிந்துவிடும்” என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். துணி குறைவு என்பது உண்மை. வேலை அதே அளவுதான், வளைவுகள் மட்டும் இன்னும் இறுக்கமாகிவிடும்.

ஓபன் காலருக்கு மேலொன்று கீழொன்றாக இரண்டு துண்டுகள் போதும். முன்பக்கத் துணியே நீண்டு உள்ளே மடிந்து ஃபேசிங்காக, அதாவது விளிம்பை மூடும் உள்பட்டியாக, மாறும். மேலே அது ‘வி’ வடிவில் திறந்து காலரோடு சேர்ந்து படியும். கழுத்தில் பட்டன் இல்லை, தாடையில் எதுவும் இடிக்காது, வேர்வைக்குக் காற்றோட்டமும் உண்டு. குறைகளும் இருக்கின்றன. துவைத்துத் துவைத்து ஃபேசிங் வெளியே எட்டிப் பார்க்கும். தோள் தையலில் அதன் நுனியைப் பிடித்துத் தைத்துவிட்டால் அந்தத் தொல்லை போய்விடும். பின்கழுத்துத் தையலை எப்படி மூடுவது என்பது இன்னொரு சிக்கல். மேல் காலரின் விளிம்பை உள்ளே மடித்து அதன் மேல் ஓரத்தையல் போடும் பேட்டர்னும் உண்டு, பின்கழுத்துக்கும் தனி ஃபேசிங் கொடுக்கும் பேட்டர்னும் உண்டு. முதல் சட்டைக்கு இரண்டாவதைத்தான் தேடுவேன். கூடுதலாக ஒரு துண்டு வெட்ட வேண்டும், ஆனால் அவ்வளவு சின்ன வளைவில் துணியை மடித்துப் பிடித்துத் தைக்கும் வேலை இல்லாமல் போகிறது.

சைனீஸ் காலரைப் பலரும் தனி வகையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது முழுக் காலருக்குப் போகும் வழியில் ஒரு நல்ல படி. ஸ்டாண்ட் அதேதான், வளைவும் முன்பட்டியோடு சேரும் அந்தக் கடினமான இடமும் அதேதான், மேலே காலர் மட்டும் இல்லை. ஸ்டாண்ட் வைத்த பேட்டர்ன் ஒன்று கையில் இருந்தால் காலர் துண்டுகளை விட்டுவிட்டு ஸ்டாண்டை மட்டும் தைத்தால் போதும், பெரும்பாலும் வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்காது. ஒரே பேட்டர்னில் இரண்டு சட்டை, முதலாவதே இரண்டாவதற்குப் பயிற்சி. தாடை உரசல் மட்டும் இதிலும் உண்டு.

ஆக, ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஓபன் காலர். முதல் முறையாகத் தைக்கிறவருக்கும், குழந்தைக்கு எந்த வயதானாலும், ஓபன் காலர். ஐந்தைத் தாண்டிய குழந்தைக்கு விழாவுக்கோ ஸ்வெட்டருக்குள் போடவோ சட்டை வேண்டும், தைக்கிறவருக்கும் ஒன்றிரண்டு சட்டை தைத்த கை இருக்கிறது என்றால் ஸ்டாண்ட் வைத்தது.

காலர் முனைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது முனை உள்ள எந்தக் காலருக்கும் பொருந்தும். கீழ்க் காலரை வெளி விளிம்புகளில் 2 மி.மீ. சிறிதாக வெட்டுங்கள். திருப்பிய பிறகு தையல் அடிப்பக்கம் போய்விடும், மேலிருந்து தெரியாது. முனையில் ஊசியை நிறுத்தி அப்படியே திருப்பாமல் குறுக்கே ஒரே ஒரு தையல் போட்டுத் திருப்பினால், உள்ளே துணி மடங்க இடம் கிடைக்கும். தையல் நீளம் வழக்கமான 2.5 மி.மீ. இல்லாமல் முனைக்கு அருகே 1.5 மி.மீ.யாக இருக்கட்டும். திருப்பியதும் கத்தரிக்கோல் நுனியால் முனையைக் குத்தித் தள்ளாதீர்கள். நன்றாக வந்த காலர் ஓட்டையாவது அங்கேதான். நுனி மழுங்கிய மரக்குச்சி போதும்.

பேட்டர்னை எங்கிருந்து எடுப்பது

அளவு வாரியாகப் பிரித்த காகிதப் பேட்டர்ன்களை 1863-இல் விற்கத் தொடங்கியவர் எபனேசர் பட்டரிக் என்ற அமெரிக்கத் தையல்காரர். முதலில் அவர் விற்றவை ஆண்களுக்கும் சிறுவர்களுக்குமான உடைகளே. அளவு வாரியாக என்பதுதான் இதில் முக்கியம். வளர்ந்துகொண்டே இருக்கும் உடம்புக்குத் தைக்கிறவருக்கு அடுத்த அளவு கையில் இருப்பதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

அச்சிட்ட காகிதப் பேட்டர்னில் ஒரே தாளில் பல அளவுகள் கோடுகளாக இருக்கும். ஒட்டவோ சேர்க்கவோ வேண்டாம், கோடுகள் துல்லியமாக இருக்கும். ஆனால் ஓர் அளவை வெட்டியதும் அதைவிடப் பெரியவை அந்தத் தாளிலிருந்து போய்விடும். அதனால் தாளை வெட்டாமல் டிரேசிங் தாள் போட்டு வரைந்து எடுக்க வேண்டும். பொறுமை இருந்தால் இது நல்ல வழி.

தரவிறக்கி வீட்டிலேயே அச்சிடும் பேட்டர்னில் அந்தக் கவலை இல்லை. குழந்தை வளர்ந்ததும் அடுத்த அளவை மறுபடி அச்சிட்டுக்கொள்ளலாம். பல கோப்புகளில் வேண்டிய அளவின் கோட்டை மட்டும் தேர்ந்தெடுத்து அச்சிடவும் முடியும். ஏ4 தாள்களை வரிசைப்படுத்தி ஒட்டும் வேலை சலிப்பானதுதான், ஆனால் குழந்தைச் சட்டைக்குத் தாள்கள் குறைவு. இதில் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அச்சிடும்போது ‘பக்கத்துக்குள் பொருத்து’ என்ற அமைப்பு தானாகவே தேர்வாகியிருந்தால் எல்லாம் சற்றுச் சுருங்கி வரும். 3 சதவீதம் சுருங்கினால் 70 செ.மீ. வர வேண்டிய சட்டையின் சுற்றளவு 67.9 செ.மீ.தான் வரும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும். அதனால் அளவைச் சரிபார்க்க வரைந்திருக்கும் சோதனைச் சதுரம் இருக்கும் பக்கத்தை மட்டும் முதலில் அச்சிட்டு, அளவுகோலை வைத்துப் பார்த்த பிறகு மற்றவற்றை அச்சிடுங்கள். துணி டேப் இதற்கு வேண்டாம், பழசானால் அது நீண்டுவிடும்.

மூன்றாவது வழி, நமக்கு நன்றாகத் தெரிந்த அளவுச் சட்டை. குழந்தைக்குப் பிடித்த சட்டை ஒன்றைத் தாளில் விரித்து, தையல்கள் வழியாகக் குண்டூசி குத்தி அடையாளம் எடுத்து, கோடு போட்டுச் சேர்ப்பது. செலவில்லை, பழகிய பொருத்தம். பக்கவாட்டுக்கும் நீளத்துக்கும் கைக்கும் இது பலிக்கும். கழுத்துக்கும் காலருக்கும் பலிக்காது. போட்டுத் துவைத்த சட்டையில் கழுத்து வளைவு எப்போதோ இழுபட்டிருக்கும். ஸ்டாண்டின் மெல்லிய வளைவைத் தைத்த நிலையில் வைத்து எடுப்பது கைதேர்ந்தவருக்கே கஷ்டம். இன்னொன்று, குழந்தைக்குப் பிடித்த சட்டை என்பது பெரும்பாலும் அது ஏற்கெனவே வளர்ந்து தாண்டிவிட்ட சட்டை. நான் அளவுச் சட்டையைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். பேட்டர்னை வெட்டியதும் அதன் மேல் அளவுச் சட்டையை விரித்துப் பார்ப்பேன். எங்கே அகலம், எங்கே நீளம், எங்கே வித்தியாசம் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

மார்பளவை வைத்துக் கணக்குப் போட்டு நாமே வரைவது நான்காவது வழி. அந்தக் கலை தெரிந்தவருக்கு இந்தக் கட்டுரையே தேவைப்படாது. தெரியாதவர் அதைக் காலர் சட்டையில் தொடங்க வேண்டாம்.

பேட்டர்ன்களுக்குள் தேர்ந்தெடுக்கும்போது படத்தைப் பார்ப்பதற்கு முன் நான் பார்ப்பது தையல் ஓரத்தை. அது சேர்த்து வரையப்பட்டிருக்கிறதா, நாமே சேர்க்க வேண்டுமா, எவ்வளவு? பல பேட்டர்ன்களில் எல்லா இடத்துக்கும் 1.5 செ.மீ. விட்டிருப்பார்கள். பக்கத் தையலுக்கு அது வசதி. கழுத்தில் அது தொல்லை. குழந்தையின் கழுத்து வளைவு சிறியது என்பதால் வெட்டு விளிம்பின் நீளத்துக்கும் தையல் கோட்டின் நீளத்துக்கும் நிறைய வித்தியாசம் வந்துவிடும். காலரை வைத்துப் பார்த்தால் ‘கழுத்து சிறிதாக இருக்கிறதே’ என்று குழம்புவோம். கழுத்துக்கும் காலருக்கும் 6 மி.மீ. ஓரம் வைத்த பேட்டர்னே எனக்குப் பிடித்தது. 1.5 செ.மீ. இருந்தால் தாளிலேயே கழுத்து ஓரத்தை 6 மி.மீ.யாகக் குறைத்து வரைந்துவிடுவேன், காலரின் ஓரங்களையும் அதே அளவுக்கு. ஒன்றைக் குறைத்து மற்றொன்றை விட்டுவிட்டால் சேராது, அதை மட்டும் கவனியுங்கள்.

எந்த அளவு

‘4 வயது’ என்று உறையில் எழுதியிருப்பதை நம்பி வெட்ட வேண்டாம். அகலத்துக்கு மார்புச் சுற்றளவு, நீளத்துக்கு உயரம். ஐரோப்பியப் பேட்டர்ன்களில் 98, 104, 110, 116 என்று போட்டிருப்பது செ.மீ.யில் குழந்தையின் உயரம், ஒவ்வோர் அளவுக்கும் 6 செ.மீ. ஏறும். பள்ளி தொடங்கும் வயதில் பல குழந்தைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் வளர்கிறார்கள், அதனால் ஓர் அளவு ஓராண்டுக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒல்லியாக உயரமாக இருக்கும் குழந்தைக்கு மார்புக்குச் சரியான அளவை எடுத்து, பேட்டர்னில் காட்டியிருக்கும் நீட்டிப்புக் கோட்டில் வெட்டி நீளத்தை மட்டும் கூட்டுங்கள். பெரிய அளவையே எடுத்தால் தோள் சரிந்து, கழுத்து விரிந்து, காலர் நிற்காது. வளர்ச்சிக்கென்று இரண்டு அளவு தாண்டிப் போகிறவர்களும் உண்டு. டிராயருக்கு அது சரி. காலர் சட்டைக்கு வேண்டவே வேண்டாம்.

முடிந்த சட்டையின் சுற்றளவு குழந்தையின் மார்பளவைவிட 10 செ.மீ.யாவது கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். நெய்த துணி இழுபடாது, குழந்தையோ கையைத் தூக்கித் தொங்கும்.

வளர்ச்சிக்கு இடம் விட வேண்டிய சரியான இடம் கீழ் மடிப்பு. அதனால்தான் வளைந்த கீழ் விளிம்பு, நேரான கீழ் விளிம்பு என்ற இரண்டில் நான் நேரானதையே எடுக்கிறேன். வளைந்ததில் 6 மி.மீ.க்கு மேல் மடிக்க முடியாது, பின்னால் இறக்கவும் முடியாது. நேரானதில் 4 செ.மீ. மடித்து வைத்தால் அடுத்த ஆண்டு பிரித்து இறக்கிவிடலாம். இரண்டு பக்கமும் சின்னப் பிளவு வைத்தால் உட்காரும்போதும் இழுக்காது.

துணி, கேன்வாஸ்

முதல் சட்டைக்குப் பாப்ளின். நெருக்கமான நெசவு, வழுக்காது, இஸ்திரிக்குச் சொன்னபடி மடங்கும். இன்னும் மெல்லிய லான் துணி உடம்புக்குச் சுகம், ஆனால் ஓபன் காலருக்குத்தான் ஒத்துவரும். ஸ்டாண்ட் வைத்தால் உள்ளே தையல் ஓரங்கள் நிழலாகத் தெரியும். லினன் பிரிந்து பிரிந்து வரும், 6 மி.மீ. ஓரத்தில் அது ஆபத்து. ரேயான் வழுக்கும். கட்டம் போட்ட துணி குழந்தைச் சட்டைக்கு எவ்வளவு அழகோ அவ்வளவு வேலை. முன்பட்டியின் இரண்டு பக்கமும் கோடு சேர வேண்டும். பாக்கெட்டையும் தோளை ஒட்டி வரும் யோக் துண்டையும் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டிவிட்டால் அந்த இடங்களில் சேர்க்கும் வேலை மிச்சம், பார்வைக்கும் நன்றாக இருக்கும். எதுவானாலும் வெட்டுவதற்கு முன், பிறகு எப்படித் துவைப்பீர்களோ அப்படியே ஒருமுறை துவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். காட்டன் முதல் துவைப்பில் சுருங்கும், முதலில் இறுகுவது கழுத்துப் பட்டன்தான்.

காலருக்குள் வைக்க இஸ்திரியால் ஒட்டும் கேன்வாஸ் ஒரு வழி, அதே சட்டைத் துணியில் இன்னொரு அடுக்கு வெட்டி உள்ளே வைத்துத் தைப்பது இன்னொரு வழி. ஒட்டுவதில் வடிவம் நன்றாக நிற்கும், வெட்டும்போதும் தைக்கும்போதும் துணி நகராது. ஆனால் மலிவான, காகிதம் போன்ற ரகம் சில துவைப்பிலேயே கொப்புளம் கொப்புளமாக எழும்பும். வாங்குவதானால் நெய்த ரகத்தையே வாங்குங்கள். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல், ஒவ்வோர் இடத்திலும் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். சின்னக் குழந்தைக்கு எனக்குப் பிடித்தது இரண்டாவது வழிதான். கழுத்தில் படும் இடம் கடைசிவரை துணியாகவே இருக்கும்.

கை, தையல், பட்டன்

அரைக்கைக்கும் முழுக்கைக்கும் நடுவே யோசிக்கவே வேண்டாம், முதல் சட்டைக்கு அரைக்கை. மணிக்கட்டில் வரும் கஃபும் அதற்கு மேலே வரும் பிளவும் காலருக்குச் சமமான வேலை. கையைப் பக்கத் தையல் போடுவதற்கு முன்பே, துணி தட்டையாக இருக்கும்போது கைக்குழியில் பொருத்திவிடுங்கள். பிறகு கையும் பக்கமும் ஒரே ஓட்டமாகத் தைத்துவிடலாம். அந்தச் சின்னக் கைக்குழியை வட்டமாக மெஷினில் சுற்றித் தைப்பது போராட்டம்.

உள் ஓரங்கள் பிரியாமல் நூலால் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷின் இருந்தால் வேகம். ஆனால் தொட்டாலே சொறியும் தோல் உள்ள குழந்தைக்கு அந்த நூல் முடிச்சுகள் உறுத்தும். பக்கத் தையலுக்குப் பிரெஞ்சு தையல் போட்டால் ஓரம் முழுதும் உள்ளே மறைந்துவிடும். 1.5 செ.மீ. ஓரத்தில் முதலில் வெளிப்பக்கமாக 6 மி.மீ.யில் தைத்து, 3 மி.மீ.யாக வெட்டி, திருப்பி, 9 மி.மீ.யில் மறுபடி. யோக்கை இரண்டு அடுக்காக வைத்தால் தோள் தையலும் அதேபோல் மறைந்துவிடும். ஜீன்ஸில் வரும் இரட்டை மடிப்புத் தையல் உறுதியானது, ஆனால் குட்டிக் கைக்குள் மெஷினின் பாதம் நுழைவதே சிரமம். நான் அதைக் குழந்தைச் சட்டையில் விட்டுவிட்டேன்.

பட்டனா, அழுத்துப் பட்டனா என்பது குழந்தையின் வயதைப் பொறுத்தது. அழுத்துப் பட்டன் மாட்டச் சுலபம், ஆனால் குழந்தை இரண்டு பக்கமும் பிடித்து வெடுக்கென்று இழுக்கும், மெல்லிய துணி அந்த இடத்தில் கிழியும். அடியில் கேன்வாஸ் வைத்தால்தான் தாங்கும். பட்டன் என்றால் சுமார் 11 மி.மீ. அகலமுள்ள நான்கு துளைப் பட்டன். தானாகப் போட்டுக்கொள்ளக் கற்கும் வயதில் அதைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் விரலுக்குப் பிடிபடும். மூன்று வயதுக்குள் எதையும் வாயில் வைக்கும் குழந்தைக்கு எந்தப் பட்டனாக இருந்தாலும் மெஷின் தையலை மட்டும் நம்பாமல், கையால் இரட்டை நூலில் தைத்து அடியில் முடிச்சிட்டு இழுத்துப் பாருங்கள். கழன்ற பட்டன் தொண்டையில் சிக்கும்.

காஜாவுக்கு முன்பட்டியில் செங்குத்து, ஸ்டாண்டில் இருந்தால் மட்டும் படுக்கை. இடம் குறிக்கும்போது மேலிருந்து சம இடைவெளியாக அளந்துகொண்டு போகாதீர்கள். சட்டையைக் குழந்தைக்கு மாட்டி, முன்பட்டியைக் குண்டூசி குத்தாமல் கையால் பிடித்துக்கொண்டு, மார்பில் எங்கே அதிகம் திறக்கிறதோ அங்கே முதல் பட்டனுக்குச் சாக்கால் அடையாளம் வைத்து, அங்கிருந்து மேலும் கீழும் பிரித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பட்டனைக் கீழ் மடிப்புக்கு 8 செ.மீ.யாவது மேலே நிறுத்தினால் உட்காரும்போது இழுக்காது, அடுத்த ஆண்டு மடிப்பை இறக்கிய பிறகும் அது இருக்கும் இடம் சரியாகவே இருக்கும்.